“வேற செயின் போட முடியுமா?”: விலையுயர்ந்த கைக்கடிகாரத்துக்கு டீலர் வழியாக பிரேஸ்லெட் மாற்றுவது எப்படி

முதல் தடவை ஷோரூமுக்குப் போனபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்: “இதுக்கு வேற செயின் போட முடியுமா?” கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர், “எந்த ரெஃபரன்ஸ் சார்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “வாரண்டி கார்டு கொண்டு வந்திருக்கீங்களா?” அது வீட்டு பீரோவில். “இப்ப இருக்கிற செயினைத் திருப்பிக் கொடுப்பீங்களா, வெச்சுக்குவீங்களா?” அதை நான் யோசித்ததே இல்லை. நல்ல காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். வேலை முடிய இன்னும் மூன்று நடை நடந்தேன். விவரம் தெரிந்திருந்தால் அதில் இரண்டு மிச்சம்.

நம் பக்கம் உலோகப் பட்டை என்றால் ‘செயின்’, தோல், ரப்பர், துணி என்றால் ‘ஸ்ட்ராப்’. ஷோரூமில் உலோகத்துக்கு ‘பிரேஸ்லெட்’ என்பார்கள். டீலர் என்று நான் சொல்வது கடிகாரக் கம்பெனியே அங்கீகரித்த கடையை மட்டும். பழைய கடிகாரம் வாங்கி விற்கும் கடைகளும் தங்களை டீலர் என்றுதான் சொல்லிக்கொள்ளும். கம்பெனியின் இணையதளத்தில் ஊர் வாரியாகக் கடைப் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கார்டை எடுங்கள்

வாரண்டி கார்டில் உள்ள ரெஃபரன்ஸ் எண்தான் இந்த வேலைக்கு ஆதாரம். சீரியல் எண் வேறு, ரெஃபரன்ஸ் எண் வேறு. சீரியல் உங்கள் ஒரு கடிகாரத்துக்கு மட்டும் உரியது. ரெஃபரன்ஸ் அந்த மாடலுக்கே பொது.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கேள்விக்கு வீட்டிலேயே விடை கிடைத்துவிடும். ஒமேகாவின் 2021 ஸ்பீட்மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் கண்ணாடி வைத்த மாடலின் எண் 310.30.42.50.01.001. இதில் 42 என்பது கேஸின், அதாவது இயந்திரத்தை மூடியிருக்கும் உலோக உடலின், விட்டம், மி.மீ. கணக்கில். அதற்கு முன்னால் நிற்கும் 30-ஐக் கவனியுங்கள்: ஸ்டீல் கேஸ், ஸ்டீல் பிரேஸ்லெட் என்று அர்த்தம். அதே கடிகாரத்தை ஸ்ட்ராப் போட்டு வாங்கியிருந்தால் அந்த இடத்தில் 32 இருக்கும். ஆக, ஸ்ட்ராப்போடு வாங்கியவர் பின்னால் ஒமேகாவின் சொந்த பிரேஸ்லெட்டையே வாங்கி மாட்டினாலும், அவர் கார்டு 32 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு விற்கப் போகும்போது வாங்குபவர் கேட்பார். அப்போது காட்ட பிரேஸ்லெட்டின் பில் கையில் இருக்க வேண்டும்.

ரோலக்ஸ் கதை வேறு. ஜிஎம்டி மாஸ்டர் 2-இல், கண்ணாடியைச் சுற்றி நீலம் சிவப்பு வளையம் உள்ள மாடலுக்கு 126710பிஎல்ஆர்ஓ என்று பெயர். பிஎல்ஆர்ஓ என்பது பிரெஞ்சில் நீலத்தையும் சிவப்பையும் குறிக்கும் இரண்டு சொற்களின் சுருக்கம். இந்த எண், ஜூபிலி செயின் போட்டாலும் ஆய்ஸ்டர் செயின் போட்டாலும் (இரண்டையும் பற்றிக் கீழே சொல்கிறேன்) ஒன்றேதான். இணையதளத்தில் மட்டும் கடைசியில் ஒரு கோடு போட்டு நான்கு இலக்கம் சேர்த்து இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒரே ரெஃபரன்ஸுக்குள் நடக்கிற மாற்றம் என்பதால் டீலரிடம் இதைப் பேசுவது சுலபம்.

கம்பெனியே அப்படி விற்கிறதா?

இதுதான் மொத்த விஷயத்துக்கும் அச்சாணி. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ‘எனக்கு இது பிடிக்கும்’ என்ற வாதம் எடுபடாது. உங்கள் கேஸும் நீங்கள் கேட்கும் பிரேஸ்லெட்டும் கேட்லாக்கில் ஜோடியாக இருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது.

ரோலக்ஸில் முக்கியமாக மூன்று செயின்கள். ஆய்ஸ்டர் அகலமான மூன்று வரிசைக் கண்ணி, உழைப்பாளி. ஜூபிலி ஐந்து வரிசை, 1945-இல் டேட்ஜஸ்ட் கடிகாரத்தோடு வந்தது, நடுவில் உள்ள சின்னக் கண்ணிகள் வெளிச்சத்தில் மின்னும். பிரெசிடென்ட் 1956-இல் டே-டேட் கடிகாரத்துக்காக வந்தது, அரைவட்டக் கண்ணி, தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்வார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். டேட்ஜஸ்ட் 41-ஐ ஆய்ஸ்டரிலும் விற்கிறார்கள், ஜூபிலியிலும் விற்கிறார்கள், எனவே கேட்கலாம். சப்மரீனர் ஆய்ஸ்டரில் மட்டும் வருகிறது, அதற்கு ஜூபிலி கேட்டால் கிடைக்காது. ஸ்டீல் டேட்ஜஸ்ட்டுக்கு பிரெசிடென்ட் கேட்டால் பொறுமையாகச் சிரிப்பார்கள்.

கேட்லாக் மாறவும் மாறும். நீலம் சிவப்பு ஜிஎம்டியே நல்ல உதாரணம். 2014-இல் அந்த வண்ண வளையம் வெள்ளைத் தங்கக் கடிகாரத்தில், ஆய்ஸ்டர் செயினோடு வந்தது. 2018-இல் ஸ்டீலில் வந்தபோது ஜூபிலியில் மட்டும் கொடுத்தார்கள். ஸ்டீலில் ஆய்ஸ்டர் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மூன்று வருஷம் டீலர்களிடம் ‘இல்லை’ என்ற பதில்தான். 2021-இல் ரோலக்ஸ் ஆய்ஸ்டரையும் சேர்த்தது. நேற்று வரை முடியாது என்ற காரியம் ஒரே நாளில் முடியும் என்றானது. எனவே, ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். புது மாடல்கள் அறிவிக்கும் பருவம் முடிந்ததும் மறுபடி ஒரு போன் போடலாம்.

அளவு ஒத்தால் போதுமா?

போதாது. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கேஸிலிருந்து நீளும் நான்கு கால்களை லக் என்பார்கள். இரண்டு லக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்ட்ராப்பின் அகலம். தோல் ஸ்ட்ராப்புக்கு இந்த ஒரு அளவு போதும், ஏனென்றால் அதன் முனை நேராக இருக்கும். உலோகச் செயினில் அப்படி இல்லை. கேஸோடு ஒட்டி உட்காரும் கடைசிக் கண்ணி, எண்ட் லிங்க் என்பார்கள், கேஸின் வளைவுக்கு ஏற்றபடி குடைந்து செய்யப்பட்டது. வளைவு கொஞ்சம் மாறினாலும் நடுவில் கோடு போல ஒரு சந்து தெரியும். ஆட்டினால் கிடுகிடுக்கும்.

ஒரே பெயர் என்று நம்பியும் ஏமாறலாம். சப்மரீனர் 2020 செப்டம்பரில் 40-லிருந்து 41 மி.மீ. ஆனது. பழையதற்கு லக் இடைவெளி 20 மி.மீ., புதியதற்கு 21. இரண்டும் சப்மரீனர், இரண்டும் ஆய்ஸ்டர், ஆனால் இதன் செயின் அதற்கு உட்காராது. டேட்ஜஸ்ட்டிலும் 36-க்கு 20, 41-க்கு 21. இணையத்தில் ‘சப்மரீனர் செயின், ஒரிஜினல்’ என்று போட்டு விற்பவரிடம் எந்த ரெஃபரன்ஸிலிருந்து கழற்றியது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள்.

ரப்பருக்கும் ஒரு வார்த்தை. ரோலக்ஸின் ஆய்ஸ்டர்ஃபிளெக்ஸ், 2015-இல் யாட்-மாஸ்டரோடு வந்தது, பார்க்க ரப்பர் பட்டை போல இருக்கும். உள்ளே உலோகத் தகடு ஓடுகிறது. சாதாரண ரப்பர் ஸ்ட்ராப்பைப் போலக் கத்தரித்து அளவு குறைக்க முடியாது. வெவ்வேறு நீளங்களில் வரும் துண்டுகளில் உங்கள் மணிக்கட்டுக்கு ஏற்றதைத்தான் வாங்க வேண்டும்.

சரியான நேரம், வாங்கும் நேரமே

கடிகாரம் இன்னும் வாங்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. செயினை முடிவு செய்ய இதைவிட மலிவான நேரம் கிடைக்காது. டியூடரின் பிளாக் பே 58, 2018-இல் வந்தபோது அமெரிக்காவில் தோல் ஸ்ட்ராப்போடு 3,250 டாலர், ஸ்டீல் பிரேஸ்லெட்டோடு 3,575 டாலர். வித்தியாசம் 325 டாலர்தான். அதே பிரேஸ்லெட்டைப் பின்னால் தனி உதிரியாக வாங்கப் போனால் இந்த விலைக்குக் கிடைக்காது. ஒமேகாவிலும் இதே நிலைதான்.

என் யோசனை: எது வேண்டும் என்ற குழப்பத்தில் இருந்தால் பிரேஸ்லெட்டோடு வாங்குங்கள். பிறகு தோல் ஸ்ட்ராப் வாங்குவது சின்னச் செலவு. ஸ்ட்ராப்போடு வாங்கிவிட்டுப் பிறகு ஸ்டீலுக்கு ஆசைப்படுவது பெரிய செலவு.

கார்ட்டியே சான்டோஸ் மாதிரியான கடிகாரம் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். 2018 சான்டோஸில் பின்பக்கம் ஒரு சிறு பட்டனை அழுத்தினால் செயின் தானாகக் கழன்று வரும். கண்ணியைக் குறைக்கவும் கருவி வேண்டியதில்லை. வாஷரோன் கான்ஸ்டன்டின் ஓவர்சீஸிலும் 2016 முதல் செயினைக் கருவி இல்லாமல் கழற்றி மாட்டலாம். இவற்றில் டீலரின் வேலை ஆர்டர் போட்டு வரவழைத்துத் தருவதோடு சரி, மாட்டுவது நீங்களே.

போனில் என்ன கேட்பது

நேரில் போகும் முன் போன். இப்படிச் சுருக்கமாகப் பேசினால் போதும்:

“வணக்கம். எங்கிட்ட 126334 டேட்ஜஸ்ட் இருக்கு, ஜூபிலி செயின். கார்டும் பில்லும் இருக்கு. இதுக்கு ஆய்ஸ்டர் செயின் ஆர்டர் பண்ண முடியுமா? பழைய செயினைத் திருப்பிக் கொடுக்கணுமா, நானே வெச்சுக்கலாமா? அட்வான்ஸ் எவ்வளவு, வர எவ்வளவு நாள் ஆகும்?”

இதில் பழைய செயின் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். கடைக்குக் கடை வழக்கம் மாறும். சிலர் தனியாக ஒன்றை வாங்க விடுவார்கள், உங்களிடம் இரண்டு செயின் இருக்கும். சிலர் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பார்கள். சிலர் தங்கள் கடையில் வாங்கிய கடிகாரத்துக்கு மட்டும்தான் செய்வோம் என்பார்கள். இது பிடிவாதம் மாதிரித் தெரியும். ஆனால் தனி செயின் வெளிச்சந்தையில் நல்ல விலைக்குப் போகிறது. மேலும், அங்கங்கே கிடைக்கும் உதிரிகளைச் சேர்த்து ஒரு கடிகாரத்தையே ‘கட்டி’ விற்பவர்கள் உண்டு. டீலர் உங்கள் கார்டைக் கேட்பது அதனால்தான். கோபப்பட வேண்டாம்.

பழைய செயினைக் கொடுப்பதா என்பதில் என் கட்சி: கூடுமானவரை கொடுக்காதீர்கள். ஆசை எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. முக்கியமாக, முப்பது நாற்பது வருஷத்துக் கடிகாரம் என்றால் அதன் சொந்தச் செயின், தொய்ந்திருந்தாலும், சேகரிப்பவர்களுக்குப் பொக்கிஷம். அந்தக் கால ஜூபிலியில் கண்ணிகள் மடித்த தகட்டில் செய்தவை, உள்ளே காலியாக இருக்கும். வருஷக்கணக்கில் கட்டினால் தேய்ந்து, பக்கவாட்டில் பிடித்தால் வாழைநார் போலத் தொங்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது செயினையும் மாற்றுவதாகச் சொன்னால், பழையது திரும்ப வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

அட்வான்ஸ் கொடுத்தால் ரசீதில் பிரேஸ்லெட்டின் பெயர் மட்டும் போதாது, உங்கள் கடிகாரத்தின் ரெஃபரன்ஸையும் எழுதி வாங்குங்கள். வந்தது பொருந்தாவிட்டால் அந்த வரிதான் உங்கள் பக்கம் பேசும். காத்திருப்பு வாரக்கணக்கிலும் போகும், மாதக்கணக்கிலும் போகும்.

மாட்டும் நாள்

செயின் வந்ததும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் நானே மாட்டிக்கொள்கிறேன் என்ற எண்ணம் வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன். இதற்கெல்லாம் முன்பு ஒரு தடவை, அவசரத்தில், தெருமுனையில் ஒரு சின்னக் கடையில் செயினைக் கழற்றக் கொடுத்தேன். பெரியவர் நல்ல கைக்காரர், ஆனால் கையில் இருந்தது கூர் மழுங்கிய ஒரு குத்தூசி. அது வழுக்கி லக்கின் உள்பக்கத்தில் ஒரு கீறல். செயின் போட்டால் மறைந்துவிடும். எனக்கு மட்டும் அது அங்கே இருப்பது தெரியும்.

ஷோரூமில் இந்த வேலையைப் பார்ப்பதே ஒரு பாடம். வேலை பார்த்தவர் மென்மையான விரிப்பு போட்ட தட்டில் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். நான்கு லக்கிலும் மெல்லிய டேப் ஒட்டினார், விரல்நகம் அளவுத் துண்டுகள். கண்ணில் லூப் எனும் சின்ன பூதக்கண்ணாடி. இரண்டு முனை உள்ள ஒரு கருவியை எண்ட் லிங்கின் அடியில் கொண்டுபோய் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கினார். ‘டிக்’. செயின் கையோடு வந்தது. அதன் பிறகு உடனே புதியதை மாட்டவில்லை. லக்கின் உள்பக்கம் படிந்திருந்த அழுக்கை, அது என் வியர்வையும் சோப்பும் சேர்ந்த பச்சைக் களிம்பு, துணியால் துடைத்து எடுத்தார். வெட்கமாக இருந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஸ்பிரிங் பார். செயினையும் கேஸையும் கோத்துப் பிடிக்கும் குச்சி அது, இரண்டு முனையும் உள்ளே அமுங்கும். லட்ச ரூபாய்க் கடிகாரம் கையில் நிற்பது இந்தக் குச்சியை நம்பித்தான். பழையதை மறுபடி போடாமல் புதியது போடச் சொல்லுங்கள். பழைய செயினுக்கும் புதியதற்கும் ஒரே தடிமனுள்ள குச்சிதானா என்றும் கேளுங்கள். மாட்டியதும் செயினை மெதுவாக மேலும் கீழும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முனை குழிக்குள் முழுசாக விழவில்லை என்றால் அங்கேயே கழன்று வந்துவிடும். தட்டில் கழன்றால் நல்லது, பஸ்ஸில் கழன்றால்?

எண்ட் லிங்குக்கும் கேஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பூட்டை நாலைந்து முறை திறந்து மூடுங்கள். ஜிஎம்டி மாதிரியான கடிகாரத்தில் பூட்டின் மேல் இன்னொரு பாதுகாப்பு மடிப்பு உண்டு, அதுவும் சத்தத்தோடு உட்கார வேண்டும்.

கண்ணி எத்தனை எடுப்பது

கண்ணி குறைக்கும்போது அவசரப்படாதீர்கள். காலையில் இருக்கும் மணிக்கட்டு மாலையில் இருக்காது. வெயிலில் வீங்கும், ஏசியில் சுருங்கும். நான் போனது டிசம்பரில், ஏசி அறையில் உட்கார்ந்து கச்சிதமாக அளவு வைத்துக்கொண்டேன். மே மாதம் கையில் தழும்பு.

சரியான அளவு என்றால் பூட்டின் பக்கம் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். கையை ஆட்டினால் கடிகாரம் கொஞ்சம் நகரலாம், மணிக்கட்டெலும்பைத் தாண்டி உள்ளங்கைக்கு வரக் கூடாது. பூட்டு மணிக்கட்டின் நடுவில் விழ வேண்டும். அதற்காக இரண்டு பக்கமும் கண்ணியை எண்ணிப் பார்த்து எடுப்பார்கள், ஒரே பக்கத்தில் எடுத்தால் பூட்டு ஓரமாகப் போய் எலும்பில் இடிக்கும். கண்ணியைத் தொடாமல் பூட்டிலேயே நீளத்தைக் கூட்டிக் குறைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரோலக்ஸின் ஈஸிலிங்கில் 5 மி.மீ. கூட்டலாம். சப்மரீனரின் கிளைட்லாக்கில் ஏறக்குறைய 2 மி.மீ. படிகளில் 20 மி.மீ. வரை போகலாம். டியூடரின் டி-ஃபிட்டில் 5 நிலைகள், மொத்தம் 8 மி.மீ. படிகள் உள்ள பூட்டு என்றால் அளவு வைக்கும்போது அது நடுநிலையில் இருக்கட்டும், வெயிலுக்கு ஒரு பக்கம், குளிருக்கு ஒரு பக்கம் நகர்த்தலாம்.

எடுத்த கண்ணிகளை எண்ணி வாங்குங்கள். திருகுகளையும் சேர்த்து. நான் அன்றைக்கு இரண்டு கண்ணியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்து, பஸ் நிறுத்தத்தில் ஞாபகம் வந்து திரும்பி ஓடினேன். அந்த இளைஞர் ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு என் பெயரும் ரெஃபரன்ஸும் எழுதி வைத்திருந்தார். அன்றிலிருந்து நானும் அப்படியே செய்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

பில், புது செயின் வந்த பெட்டி, மிச்சக் கண்ணிகள், பழைய செயின், கார்டு எல்லாம் ஒரே இடத்தில். பழைய செயினை வைக்கும் முன் வெதுவெதுப்பான நீரும் மென்மையான பல் துலக்கும் பிரஷுமாகத் தேய்த்து, நன்றாக உலர்த்தி வையுங்கள். தங்கம் கலந்த செயின் என்றால் தனித்தனித் துணியில் சுற்றுங்கள், ஸ்டீல் அதைக் கீறிவிடும்.

வாரண்டி பற்றி ஒரு குறிப்பு. ரோலக்ஸ் 2015 முதலும், ஒமேகா 2018 முதலும், டியூடர் 2020 முதலும் புதுக் கடிகாரங்களுக்கு ஐந்து வருஷ வாரண்டி தருகின்றன. அது உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கும் தயாரிப்புக் குறைக்கும்தான். செயினில் விழும் கீறலும் ஸ்ட்ராப்பின் தேய்மானமும் அதில் வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று போலி செயின் மாட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்குப் போனால், அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு ஒரிஜினல் போடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கடிகாரத்தைத் தொடமாட்டார்கள்.

முதல் பத்து நாள், இரவில் கழற்றி வைக்கும்போது கண்ணிகளின் பக்கவாட்டை விரலால் தடவிப் பாருங்கள். திருகு ஏதாவது மயிரிழை அளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் விரலில் உறுத்தும். நீங்களே முறுக்க வேண்டாம், மறுநாள் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நிமிஷ வேலை, காசும் வாங்க மாட்டார்கள். காபியும் கிடைக்கும்.